எழுநூற்றைம்பது மில்லிமீட்டர்

ஆர்க்கிடெக்ட் என்று சொல்லிக்கொண்டால் சொந்தக்காரர்கள் கேட்கிற முதல் கேள்வி, "நீ கட்டின பில்டிங் எங்க இருக்கு?" என்பதுதான். நான் எதையும் கட்டியதில்லை. வரைந்ததும் கழிவறைகளைத்தான். எண்பது பேர் வேலை செய்யும் பெரிய அலுவலகம். வாசலில் கண்ணாடிக் கதவு, வரவேற்பறையில் யாரும் உட்காராத வெள்ளை சோபா. அங்கே எனக்கு ஒதுக்கப்பட்டவை அடுக்குமாடிக் குடியிருப்புகளின் கழிவறைகள். குழாய் எந்த உயரத்தில் வர வேண்டும், தரை எந்தப் பக்கம் சரிய வேண்டும், டைலை எந்த மூலையில் ஆரம்பித்தால் கதவோரம் சின்னத் துண்டு விழாமல் இருக்கும், இதெல்லாம் எனக்குத் தலைகீழ்ப் பாடம். நாலு வருடத்தில் நானூற்றுக்கு மேல் வரைந்தேன். ஒன்றைக்கூட நேரில் பார்க்கவில்லை. "எம் பொண்ணு பாத்ரூம் டாக்டர்" என்று அம்மா பக்கத்து வீட்டில் சொல்லிச் சிரிப்பாள்.

டேப்புக்கு மாடிப்படிகள். அவனும் நானும் கல்லூரியில் ஒரே வகுப்பு, அலுவலகத்தில் ஒரே மாதம் சேர்ந்தோம், என் நாற்காலிக்குப் பின்னால் இருந்தது அவன் நாற்காலி. சட்டைப்பையில் எப்போதும் மூன்று மீட்டர் டேப் வைத்திருப்பான், அதனால் அந்தப் பெயர். தியேட்டர் நாற்காலியை அளப்பான், வங்கியில் கையெழுத்துப் போடும் பலகையை அளப்பான். ஒருமுறை ரயில் நிலையத்தில் பெஞ்சுக்கடியில் குனிந்திருந்தவனைப் போலீஸ்காரர் காலரைப் பிடித்துத் தூக்கி, அங்கே என்ன தேடுகிறாய் என்று கேட்டிருக்கிறார். "நானூத்தி அறுபது மில்லிமீட்டர் இருக்கு சார். ரொம்ப உயரம். குள்ளமானவங்களுக்குக் கால் தொங்கும்," என்றிருக்கிறான். அவர் இவனை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார்.

சனிக்கிழமை மதியங்களிலும் ஞாயிற்றுக்கிழமைகளிலும் நாங்கள் இருவரும் வடிவமைப்புப் போட்டிகளுக்குப் படம் வரைந்தோம். எங்கோ ஒரு நூலகம், எங்கோ ஒரு பாலம், எங்கோ ஒரு பள்ளிக்கூடம். எவனோ அறிவிப்பான், நூறு இருநூறு பேர் அனுப்புவார்கள், மூன்று பேருக்குப் பரிசு. என் அம்மாவுக்கு இது கடைசிவரை பிடிபடவில்லை. "லாட்டரிச் சீட்டு வாங்குறவன்கூட ரெண்டு நிமிஷத்துல கிழிச்சுப் போட்டுட்டு வேற வேலையப் பாப்பான். நீங்க ரெண்டு பேரும் மூணு மாசம் உக்காந்து அந்தச் சீட்டையே வரைஞ்சுட்டு இருக்கீங்க," என்பாள்.

அவளுக்குச் சொல்ல என்னிடம் பதில் இருந்தது, சொன்னதில்லை. அலுவலகத்தில் எங்கள் படங்களை யாரும் பார்ப்பதில்லை. சரிபார்ப்பார்கள். அது வேறு, பார்ப்பது வேறு. டேப்பு வரைந்த படிக்கட்டில் பாதி வழியில் மூச்சு வாங்குகிறவர் உட்கார ஒரு விளிம்பு இருந்தால், மேலதிகாரி அதைச் சிவப்புப் பேனாவால் சுழித்து, "இது எதுக்கு?" என்று எழுதுவார். பதிலுக்குக் காத்திருக்க மாட்டார். போட்டியில் மட்டும்தான் முகம் தெரியாத ஐந்து பேர் எங்கள் படத்தின் முன்னால் நின்றே ஆக வேண்டும். எங்கள் வயது தெரியாது, எங்கள் முதலாளி யாரென்று தெரியாது, பெயர்கூடத் தெரியாது. ஓர் எண் மட்டும்தான். அந்த ஐந்து பேருக்காகத்தான் வரைந்தோம். பரிசு வந்தால் வேண்டாம் என்றா சொல்லியிருப்போம், ஆனால் உண்மை அதுதான்.

பதினொரு போட்டிகளுக்கு அனுப்பினோம். ஒரே ஒரு தடவை, ஒரு பேருந்து நிலையத்துக்கு, பரிசு பெறாத ஆனால் கவனிக்கத்தக்க ஐந்து படங்களில் ஒன்றாக எங்களுடையதும் ஒரு தொழில் இதழில் வந்தது. அஞ்சலட்டை அளவுக்குப் படம், கீழே எங்கள் பெயர்கள். டேப்பின் அண்ணன் அந்தப் பக்கத்தைக் கண்ணாடிச் சட்டம் போட்டுத் தன் கடையில் மாட்டிவிட்டார்.

அண்ணனுக்கு டைல் கடை. டைலும் குழாயும் வாஷ்பேசினும். அவர்களுடைய அப்பா முன்பே இல்லை. டேப்பு கல்லூரி முதல் வருடத்தில் இருந்தபோது அம்மாவும் போய்விட்டார். அண்ணன் இவனைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர். கல்யாணம் காட்சி என்று எதற்கும் நேரம் ஒதுக்காமல் டைல் பெட்டிகளைத் தூக்கியே தம்பியைப் படிக்க வைத்தவர். கடைக்கு மேலே இருந்த சரக்கு அறையில் ஒரு மூலையை எங்களுக்கு விட்டுக்கொடுத்திருந்தார். டைல் பெட்டிகளை இரண்டு பக்கமும் அடுக்கி, மேலே ஒரு பழைய கதவைப் போட்டால் அதுதான் எங்கள் மேசை. கதவில் கைப்பிடி கழற்றிய ஓட்டை இருந்தது. அதற்குள் டேப்பு பென்சில் நிறுத்தி வைப்பான். "காகிதத்துல வீடு கட்டுற கம்பெனி எப்படி போகுது?" என்று கேட்டபடி அண்ணன் டீயோடு மேலே வருவார். கிண்டல்தான். ஆனால் போகும்முன் திரையில் இருக்கும் படத்தை ஒரு நிமிடம் நின்று பார்த்துவிட்டுத்தான் போவார்.

இங்கே டேப்பின் அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். கட்டடத்தைக் குறுக்கே வெட்டி உள்ளே இருப்பதைக் காட்டும் படத்துக்கு செக்‌ஷன் என்று பெயர். அதில் மனிதர்களைப் போட வேண்டும், அப்போதுதான் கூரை எவ்வளவு உயரம் என்று கண்ணுக்குப் பிடிபடும். எல்லோரும் எங்கிருந்தோ இறக்கிய உருவங்களைத்தான் ஒட்டுவார்கள். பலூன் பிடித்த சிறுமி, ஓடுகிற வாலிபன், நாயோடு நடக்கும் பெண். டேப்பு மட்டும், அம்மா இறந்த மாதத்தில், அவரைக் கையால் வரைந்து வைத்திருந்தான். பெஞ்சில் உட்கார்ந்து, மடியில் ஒரு துணிப்பையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, ஒரு கால் செருப்பைக் கழற்றி அதன் மேலேயே பாதத்தை வைத்துக்கொண்டிருக்கும் ஒரு பெண். கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிய உருவம். முகம்கூடக் கிடையாது, கழுத்தின் சாய்வு மட்டும்தான். அனுப்பிய பதினொரு படங்களிலும் அவர் எங்காவது உட்கார்ந்திருந்தார். நூலகத்தில் உட்கார்ந்திருந்தார், பாலத்தின் நடுவில் உட்கார்ந்திருந்தார். சட்டம் போட்ட பேருந்து நிலையத்திலும் மூலையில் இருக்கிறார். அதை மாட்டின அன்று அண்ணன் கண்ணாடியருகே முகத்தைக் கொண்டுபோய், "யாரு, நம்ம அம்மாவா?" என்று கேட்டார். டேப்பு தலையாட்டினான். "பைய எங்கயும் கீழ வெக்க மாட்டா," என்றார் அண்ணன்.

பன்னிரண்டாவது போட்டி வந்தபோது அண்ணனுக்கு முதுகில் டிஸ்க் நகர்ந்திருந்தது. இடுப்பில் பெல்ட். கனமானது எதையும் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அண்ணன் எங்கள் கதவுமேசை ஓரம் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, என்னை வைத்துக்கொண்டே அவனிடம் பேசினார்.

"இந்த ஒரு தடவை. நல்லா பண்ணு. ஜெயிச்சா, உன் பேரு போட்ட போர்ட நானே ஏணி வெச்சு மாட்டுறேன். இல்லன்னா கீழ வந்துடு. என்னால முடியலடா."

டேப்பு சரி என்று சொன்னான். அதில் அண்ணன் மேல் அவனுக்குக் கோபமே கிடையாது. அவன் கேட்டது ஒன்றுதான், அதுவும் அண்ணன் இறங்கிப் போன பிறகு, என்னிடம். "எனக்கு இது வருமா வராதா? அது தெரிஞ்சா போதும். வரலன்னா நிம்மதியா டைல் விப்பேன்."

போட்டி ஒரு பெரிய அரசு ஆஸ்பத்திரிக்கு. உள்ளே இருக்கும் நோயாளிகளுக்காக வெளியே காத்திருக்கும் சொந்தக்காரர்களுக்கு ஒரு கூடம். முதல் பரிசு பெற்ற படத்தையே கட்டுவார்கள் என்று அறிவித்திருந்தார்கள். அறிவிப்பைப் படித்ததும் டேப்பு டேப்பை எடுத்துக்கொண்டு மூன்று ஆஸ்பத்திரிகளுக்குப் போனான். பெஞ்சு, கதவு, சன்னல், மக்கள் செருப்பைக் கழற்றிப் போடும் இடம் எல்லாவற்றையும் அளந்தான். நாலாவதாக, அவன் அம்மா கடைசியாக இருந்த ஆஸ்பத்திரிக்கு என்னையும் கூப்பிட்டுக்கொண்டு போனான். அங்கே எதையும் அளக்கவில்லை. கட்டடத்துக்குப் பின்னால் ஜெனரேட்டர் வைத்திருந்த கூண்டுக்கும் சுவருக்கும் நடுவிலிருந்த ஒரு சந்தைக் காட்டினான்.

"அண்ணன் இங்கதான் வந்து அழுதான். ஜெனரேட்டர் ஓடிட்டு இருந்துச்சு, சத்தம் கேக்காதுன்னு நெனச்சிருப்பான். நான் வெளிய நின்னு பாத்துட்டு இருந்தேன். முதுகு மட்டும் தெரிஞ்சுது."

அந்தச் சந்திலிருந்துதான் எங்கள் கூடம் பிறந்தது. பெஞ்சுகள் நானூற்றிருபது உயரம். முதுகுக்குப் பின்னால் பை வைக்க நீளமாக ஒரு தட்டு, யாரும் மணிக்கணக்கில் பையை மடியில் சுமக்க வேண்டாம் என்று. படுத்துக்கொண்டிருந்தாலும் வார்டு கதவு தெரியும்படி தாழ்வான சன்னல். அதோடு, நீளமான பக்கச் சுவரை ஏழு இடங்களில் உள்ளே மடித்தான். ஒவ்வொரு மடிப்பும் ஒரு ஆள் சுவரைப் பார்த்து நிற்கிற அளவு. உள்ளே போய் நின்றுவிட்டால் எந்தப் பக்கமிருந்தும் யாருக்கும் தெரியாது. அறுநூறு போதுமே என்றேன் நான். அவன் என்னை எழுப்பி இரண்டு பெட்டி வரிசைகளுக்கு நடுவில் நிறுத்தி அளந்தான்.

"அறுநூறுல தோள் வெளிய நிக்கும். எழுநூத்தி அம்பது வேணும்."

எதற்காக இந்த மடிப்பு என்று படத்தில் எழுத வேண்டும் என்றேன். நூறு படம் பார்த்துக் களைத்தவர்களுக்கு இது எப்படிப் புரியும்? அவன் மறுத்துவிட்டான். "புரியிறவங்களுக்குப் புரியும்," என்று சொல்லி, ஒவ்வொரு மடிப்பிலும் 750 என்ற எண்ணை மட்டும் போட்டான்.

எல்லாம் முடிந்து, அனுப்ப வேண்டிய கடைசி நாள் வந்தது. ஞாயிற்றுக்கிழமை, மாலை ஐந்து மணிக்குள் போய்ச் சேர வேண்டும். காலையில் டேப்பு விதிகளை இன்னொரு முறை உட்கார்ந்து படித்தான். ஒன்பதாவது விதி: வரைந்தவரை அடையாளம் காட்டக்கூடிய பெயரோ குறியோ உருவமோ படத்தில் எங்கும் இருக்கக் கூடாது, இருந்தால் விலக்கப்படும்.

"அம்மாவ எடுத்துடறேன்," என்றான்.

"யாருடா கண்டுபிடிக்கப் போறாங்க?"

"பத்திரிகையில பேரோட வந்திருக்கு. யாராவது ஒருத்தர் பாத்திருந்தா? இந்தத் தடவ எந்த ரிஸ்க்கும் வேணாம்."

அம்மா இருந்த பெஞ்சில் பலூன் பிடித்த சிறுமியை ஒட்டினான். பிறகு கொஞ்ச நேரம் பென்சில் சீவிக்கொண்டிருந்தான்.

மூன்றரை மணிக்குக் கீழே லாரி வந்தது. அண்ணனால் தூக்க முடியாது, கூலிக்கு வர வேண்டிய இரண்டு பேரில் ஒருவர் வரவில்லை. டேப்பு சட்டையை மாற்றிக்கொண்டு, "நீ அனுப்பிடு," என்று சொல்லி இறங்கிப் போனான். நான் மட்டும் மேலே. கடைசியாக ஒருமுறை எல்லாவற்றையும் பார்க்கலாம் என்று செக்‌ஷனைத் திறந்தேன். ஆஸ்பத்திரியில் உயிருக்குப் போராடுகிறவர்களுக்காகக் காத்திருக்கும் கூடத்தில், பலூன் பிடித்துக்கொண்டு ஒரு பெண் குழந்தை சிரித்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்தக் கூடத்தில் யார் உட்கார வேண்டுமோ அவரையே வெளியே அனுப்பிவிட்டோம். கணினியில் 'அம்மா' என்றே ஒரு கோப்பு இருந்தது. எடுத்தேன். சிறுமியை அழித்துவிட்டு, மூன்றாவது மடிப்புக்குப் பக்கத்தில், பெஞ்சின் ஓரத்தில் அவரை உட்கார வைத்தேன்.

விதி தெரியாமல் செய்யவில்லை. காலையில்தான் அவன் வாய்விட்டுப் படித்திருந்தான். நகம் அளவு உருவத்தை யார் கவனிக்கப் போகிறார்கள் என்று நினைத்தேன், அது பாதி. மீதிப் பாதியை இப்போது சொல்லிவிடுகிறேன். ஜெயித்த பிறகு அவனிடம் அதைக் காட்ட வேண்டும் என்று ஆசைப்பட்டேன். அவன் கண் கலங்கி எனக்கு நன்றி சொல்வான் என்று மனதுக்குள் ஒத்திகைகூடப் பார்த்துவிட்டேன். அனுப்பு என்ற பொத்தானை அழுத்தினேன்.

டேப்பு தலையெல்லாம் தூசியோடு மேலே வந்தான். "போயிடுச்சா?"

"போயிடுச்சு."

படத்தைத் திறந்து காட்டச் சொல்லவில்லை. அது எங்கள் வழக்கம். அனுப்பிய படத்தை முடிவு வரும்வரை திறக்கவே கூடாது. திறந்தால் ஏதாவது ஒரு தப்பு கண்ணில் படும், பிறகு மூன்று மாதம் சோறு இறங்காது. இருவரும் சேர்ந்து போட்ட சட்டம். அந்தச் சட்டம்தான் என்னைக் காப்பாற்றியது, அவனைக் கவிழ்த்தது.

முடிவு வந்த நாளில் இருவரும் அலுவலகத்தில்தான் இருந்தோம். மூன்று எண்கள். எங்கள் எண் இல்லை. கவனிக்கத்தக்கவை என்று ஐந்து எண்கள். அதிலும் இல்லை. டேப்பு பட்டியலை மேலிருந்து கீழாக, பிறகு கீழிருந்து மேலாகப் படித்தான். "அஞ்சுலகூட இல்ல," என்றான். முன்பெல்லாம் தோற்றால் நடுவர்களைத் திட்டுவான், ஜெயித்த படத்தில் படிக்கட்டு உயரம் தப்பென்று நிரூபிப்பான். இந்த முறை பட்டியலை மூடினான். மதியம் ராஜினாமாக் கடிதம் கொடுத்தான். மாதக் கடைசியில் கடைக்குப் போய்விட்டான். அனுப்பிய படத்தை அவன் திறந்து பார்க்கவே இல்லை. மேலே இருந்த கதவுமேசையைக் கலைத்துப் பெட்டிகளைக் கீழே இறக்கினார்கள். கணினியை அண்ணன் கடையில் சரக்குக் கணக்குக்கு வைத்துக்கொண்டார்.

ஏழு வாரம் கழித்து நடுவர் குழுவின் அறிக்கை வந்தது. போட்டிக்கு அனுப்பியவர்களுக்கு மட்டும் அனுப்பிய அறிக்கை. பதிவு என் பெயரில் இருந்ததால் எனக்கு மட்டும் வந்தது. ஒரு கழிவறையின் டைலுக்கு அளவு போட்டுக்கொண்டிருந்த இடைவேளையில், சும்மா, ஜெயித்தவர்களைப் பற்றி என்ன சொல்லியிருக்கிறார்கள் என்று பார்க்கத் திறந்தேன். பத்தொன்பதாம் பக்கத்தில் எங்கள் எண் இருந்தது. முதல் சுற்றிலேயே ஐந்து நடுவர்களும் தனித்தனியாக எங்கள் படத்தையே முதலாவதாகத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். கடைசிச் சுற்றில் ஒருவர், பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் பெண்ணைத் தொழில் இதழில் பெயர்களோடு பார்த்த ஞாபகம் என்று சொல்லியிருக்கிறார். விதி ஒன்பதின்படி விலக்கிவிட்டார்கள். 'மிகுந்த வருத்தத்துடன்' என்று எழுதியிருந்தது.

கழிவறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். நானூறு கழிவறை வரைந்தவளுக்கு அழுவதற்கு அதுதான் கிடைத்தது. வெளியே யாரோ கைகழுவும் சத்தம் கேட்கும்போதெல்லாம் வாயைப் பொத்திக்கொள்ள வேண்டியிருந்தது.

அவனிடம் எப்படிச் சொல்வது? சொல்லாவிட்டால், தனக்கு இந்த வேலை வராது என்று நம்பியபடியே ஆயுள் முழுக்க டைல் விற்பான். சொன்னால், வரும் என்று தெரிந்துகொள்வான், அதைக் கெடுத்தது நான் என்றும் தெரிந்துகொள்வான். கடைக்குப் போனேன். அவன் என்னைப் பார்த்ததும், "வா வா, கழிவறை ராணி, என்ன வேணும்?" என்றான். சோப்பு வைக்கும் தட்டு ஒன்று வாங்கிக்கொண்டு திரும்பிவிட்டேன். அடுத்த வாரம் போய் ஒரு குழாய் வாங்கினேன். எங்கள் வீட்டில் எல்லாக் குழாயும் நன்றாகத்தான் இருந்தன. அம்மா குழாயைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

மூன்றாவது முறை போனபோது டேப்பு இல்லை. யாருடைய வீட்டுக் குளியலறையையோ அளக்கப் போயிருந்தான். அண்ணன் வாசலருகே நாற்காலியில், பெல்ட்டோடு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். சட்டம் போட்ட பக்கம் அவர் தலைக்கு மேலே, குழாய் வரிசைக்கு நடுவில் தொங்கியது. டீ வரவழைத்தார். நான் டம்ளரை வாங்கியதும் கேட்டார்.

"உன்கிட்ட ஒண்ணு கேக்கணும்மா. மறைக்காம சொல்லு. அவனுக்கு அந்த வேல நிஜமாவே வராதா?"

"ஏன்ணா கேக்கறீங்க?"

"அவனேதான் சொல்றான், எனக்கு வரல அண்ணா, நீ கூப்பிட்டது நல்லதாப் போச்சுன்னு. சிரிச்சுட்டேதான் சொல்றான். அதக் கேட்டா எனக்கும் கொஞ்சம் நிம்மதியாதான் இருக்கு. வராத வேலையிலேர்ந்துதான கூட்டிட்டு வந்தோம்னு. ஆனா டேப்ப மட்டும் பாக்கெட்லேர்ந்து எடுக்க மாட்டேங்கறான். தூங்கும்போதுகூட தலமாட்டுல இருக்கு. நான் தப்பு பண்ணிட்டனா?"

இல்லை அண்ணா என்று சொல்லியிருந்தால் அந்த மனிதர் அன்றைக்கு நிம்மதியாகத் தூங்கியிருப்பார். வாய்வரை வந்தது. அதற்குள் டேப்பு வந்துவிட்டான். காதில் பென்சில், கையில் அளவுகள் குறித்த அட்டை.

"என்ன, இன்னிக்கு வாஷ்பேசினா?" என்றான்.

"டேப்பு, அம்மாவ நான்தான் திரும்ப வெச்சேன்," என்றேன்.

அவனுக்குப் புரியவில்லை. அண்ணனும் என்னைப் பார்த்தார். நான் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். லாரி வந்தது, பலூன் சிறுமியை அழித்தது, அறிக்கை வந்தது, ஐந்து பேரும் முதலாவதாக எடுத்தது, யாரோ அடையாளம் கண்டது. நடுவில் நிறுத்தினால் மறுபடி ஆரம்பிக்க முடியாது என்று பயந்து மூச்சு விடாமல் சொன்னேன்.

டேப்பு கையிலிருந்த அட்டையைக் கவுண்டரில் வைத்தான். விளிம்போடு விளிம்பு பொருந்துகிற மாதிரி நேராக வைத்தான். அவன் கத்துவான் என்று காத்திருந்தேன். கத்தியிருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

"எங்க வெச்ச?" என்று கேட்டான்.

"மூணாவது மடிப்புக்குப் பக்கத்துல. பெஞ்சு ஓரமா."

"பை?"

"மடியிலதான்."

"மடியிலயா," என்றான். "அதுக்குத்தான பின்னாடி அந்தத் தட்டப் போட்டோம்."

அதை நான் யோசிக்கவே இல்லை. அம்மாவை அப்படியே எடுத்து அப்படியே வைத்துவிட்டேன். அவருக்காகவே செய்த தட்டு முதுகுக்குப் பின்னால் காலியாக இருக்க, அவர் பையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவன் என் அழுகையைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

"மடிப்பப் பத்தி ஏதாவது எழுதியிருக்காங்களா?"

பரிசைப் பற்றிக் கேட்கவில்லை. கட்டப்போவது யாருடைய படத்தை என்று கேட்கவில்லை. கைப்பேசியில் அந்தப் பக்கத்தைத் திறந்து நீட்டினேன்.

"நீயே படி," என்றான்.

படித்தேன். "'சுவரில் ஏழு மடிப்புகள் இருக்கின்றன. எதற்கு என்று படத்தில் ஒரு வார்த்தையும் இல்லை, அகலம் மட்டும் குறிக்கப்பட்டிருக்கிறது. ஆஸ்பத்திரியில் யாருக்காகவாவது காத்திருந்தவர்களுக்கு விளக்கம் தேவைப்படாது. எங்களில் ஒருவர் இந்தப் படத்தைப் பார்த்துவிட்டு எழுந்து வெளியே போனார். அவர் திரும்பி வரும்வரை கூட்டத்தை நிறுத்தி வைத்தோம். அகலம் சரியாக இருக்கிறது.'"

"கடைசி வரிய இன்னொரு தடவ."

"'அகலம் சரியாக இருக்கிறது.'"

டேப்பு தலையை ஆட்டினான், யாரோ சொன்ன அளவைக் குறித்துக்கொள்கிறவன் மாதிரி. காதிலிருந்த பென்சிலை எடுத்துக் கவுண்டரில் வைத்தான். பிறகு கடைக்குள் நடந்து போனான். உள்ளே டைல் ஒட்டிய பலகைகள் ஆளுயரத்துக்கு வரிசையாக நிற்கும். இரண்டு பலகைகளுக்கு நடுவில் நுழைந்து, சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டான்.

அந்த இடைவெளி அறுநூறுகூட இருக்காது. தோள் வெளியே நின்றது, அது குலுங்குவது வாசல்வரை தெரிந்தது.

நான் ஓரடி எடுத்து வைத்தேன். அண்ணன் கையை நீட்டி என்னைத் தடுத்தார். அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. நாற்காலிக் கையைப் பிடித்து மெதுவாக எழுந்தார், பெல்ட்டை இறுக்கிக்கொண்டார், உள்ளே போய் ஓரத்திலிருந்த ஒரு பலகையை இரண்டு கைகளாலும் பிடித்து இழுத்தார். முப்பது கிலோவுக்குக் குறையாத பலகை. ஓடிப்போய்ப் பிடித்தேன்.

"நீ விடும்மா," என்றார்.

கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி, தம்பியின் தோள் மறைகிற மாதிரி நிறுத்தினார். ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு அந்தப் பலகைக்கு முன்னால் நின்றார். வாசலில் யாரோ ஒருவர் செருப்பைக் கழற்றலாமா வேண்டாமா என்று தயங்கியபடி, குளியலறைக்கு வழுக்காத டைல் இருக்கிறதா என்று கேட்டார்.

"இருக்கு சார், உக்காருங்க," என்றார் அண்ணன். "அளவு தெரிஞ்சவன் இப்ப வந்துடுவான்."